ஆல்கஹால் இல்லாத பீருக்கு ருசி எங்கிருந்து வருகிறது?

சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து பள்ளியில் உட்கார்ந்திருந்தபோது, நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் துணிப்பையோடு வந்தார். பைக்குள் இரண்டு டின்கள். ஒன்று, தம்மாமில் வேலை பார்க்கும் அவருடைய மூத்த மகன் விடுமுறைக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவந்த மால்ட் பானம். பீச் பழ வாசனை போட்டது. மற்றது சென்னையில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியது. பீர் கம்பெனியின் பெயரும் முத்திரையும் அப்படியே இருக்க, பக்கத்தில் பெரிய எழுத்தில் 0.0 என்று அச்சிட்டிருந்தது. இளைய மகனின் வலீமா நெருங்குகிறது. பிள்ளைகள் விருந்தில் குளிர்பானக் கவுண்டர் வைக்கப்போகிறார்களாம். "இரண்டிலும் பூஜ்யம்தானே ஹஜ்ரத் போட்டிருக்கு. இரண்டையும் வைக்கலாமா?" என்று கேட்டார்.

"ஆல்கஹாலே இல்லை என்றால் இதில் பீருடைய ருசி எப்படி வந்தது பாவா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அவர் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு வாரம் அவகாசம் கேட்டு அனுப்பிவைத்தேன். பானம் தயாரிப்பவர்கள் ருசிக்காக என்னவெல்லாம் செய்கிறார்கள் என்று தேடிப் படித்த பிறகுதான், டின்னின் முகப்பில் இருக்கும் எண்ணை மட்டும் வைத்து இந்த மஸ்அலாவை முடிக்க முடியாது என்பது புரிந்தது. வளைகுடாவிலும் மலேசியாவிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் எல்லாம் இந்தக் கேள்வி வருகிறது என்பதால் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

பீர் எப்படி உண்டாகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பார்லியை ஊறவைத்து முளைகட்டி, பிறகு சூட்டில் உலர்த்தினால் அதற்கு மால்ட் என்று பெயர். நம் வீடுகளில் பச்சைப் பிள்ளைக்கு முளைகட்டிய கேழ்வரகு மாவு தயாரிக்கிறோமே, அதே வேலைதான். முளைக்கும்போது தானியத்தில் உண்டாகும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் சக்தி பெறுகின்றன. இந்த மால்ட்டை உடைத்து 62 முதல் 72 டிகிரி செல்சியஸ் சூட்டிலுள்ள நீரில் ஊறவைத்தால் மாவு கரைந்து இனிப்பான சாறு கிடைக்கும். அதை வடிகட்டி, ஹாப்ஸ் என்ற கசப்புப் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைக்கிறார்கள். இதுவரை அது வெறும் தானியச் சாறு. ஹார்லிக்ஸ் போன்ற பானங்களிலும் மால்ட் இருக்கிறது. அதில் யாருக்கும் எந்தக் கேள்வியும் இல்லை.

ஆறிய சாற்றில் ஈஸ்ட்டைச் சேர்க்கும்போதுதான் கதை மாறுகிறது. ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. சில நாட்களில் 4, 5 சதவீத ஆல்கஹால் சேர்ந்துவிடும். நம் ஊரில் சாராயம் காய்ச்சுபவர்கள் ஊறல் போடுவது என்பார்கள். இதுவும் ஊறல்தான், சுத்தமான எவர்சில்வர் தொட்டிக்குள் நடக்கிறது என்பது மட்டும்தான் வேறுபாடு.

இப்போது அந்த ஊறலே வேண்டாம், ருசி மட்டும் வேண்டும் என்று ஒருவர் நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு இரண்டு தொல்லைகள் வரும்.

முதலாவது, ஈஸ்ட் ஆல்கஹாலை மட்டும் உண்டாக்குவதில்லை. மால்ட் சாற்றுக்கு இயல்பாகவே ஒரு வேகவைத்த தானிய வாடை உண்டு. ஆல்டிஹைடுகள் எனப்படும் பொருட்களால் வருவது அது. அவற்றில் மெத்தியோனல் என்ற ஒன்று அவித்த உருளைக்கிழங்கு போல மணக்கும். ஈஸ்ட் வேலை செய்யும்போது இந்தப் பொருட்களை வாடை குறைந்த வேறு பொருட்களாக மாற்றிவிடுகிறது. கூடவே எஸ்டர்கள் என்ற நறுமணப் பொருட்களையும் உண்டாக்குகிறது. வாழைப்பழம், ஆப்பிள் போல மணப்பவை அவை. சாற்றின் இனிப்பைக் குறைத்துப் புளிப்பைச் சற்றுக் கூட்டுவதும் ஈஸ்ட்தான். ஆக ஈஸ்ட் நுழையாத சாறு இனித்து, கஞ்சி வாடையடித்து, நாக்கில் தட்டையாக நிற்கும்.

இரண்டாவது தொல்லை ஆல்கஹால் தொடர்பானது. போதை தருவது அதன் ஒரு குணம். அதோடு பானத்துக்கு ஒரு கனத்தையும் மெல்லிய உறைப்பையும் தருகிறது. வாசனைகள் எவ்வளவு வேகத்தில் ஆவியாக வெளியேறும் என்பதையும் அது கட்டுப்படுத்துகிறது. அது இல்லாத பானத்தில் தானிய வாடை இன்னும் தூக்கலாக மூக்கில் ஏறும். நல்ல வாசனை இல்லை, கெட்ட வாசனை மறையவில்லை, குடித்தால் தண்ணீராக இருக்கிறது. ஆல்கஹால் இல்லாத பீரைப் பற்றிய பழைய புகார்கள் அனைத்தும் இந்த மூன்றில் அடங்கிவிடும்.

இந்தத் தொல்லைகளைத் தீர்க்க மூன்று வழிகளில் போகிறார்கள். அந்த வழிகள்தான் நமக்கு முக்கியம்.

ஊறலே போடாத வழி

முதல் வழி எளியது. ஈஸ்ட்டைச் சேர்ப்பதே இல்லை. மால்ட் சாற்றையோ மால்ட் கெட்டிச்சாற்றையோ நீரில் கலந்து, சர்க்கரையும் சிட்ரிக் அமிலமும் சேர்த்து, கரியமில வாயுவை அழுத்தி நிரப்புகிறார்கள். ஈஸ்ட் தர வேண்டிய புளிப்பை அமிலம் தருகிறது. நுரையை வாயு தருகிறது. தானிய வாடையை என்ன செய்வது? பழ வாசனையைப் போட்டு மூடிவிடுகிறார்கள். வளைகுடாக் கடைகளில் மால்ட் பானங்கள் பீச், மாதுளை, ஸ்ட்ராபெரி, ஆப்பிள், எலுமிச்சை என்று வரிசை கட்டி நிற்பதற்குக் காரணம் இதுதான். வாடிக்கையாளரின் ஆசை பாதி. அந்த அவித்த தானிய மணத்தை மறைக்க வேண்டிய கட்டாயம் மீதி. பழ வாசனை போடாத சாதா மால்ட்டைக் குடித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

கைதேர்ந்த தயாரிப்பாளர்கள் வாசனையைப் போடுவதற்கு முன்பே வாடையைக் குறைக்கப் பார்ப்பார்கள். சாற்றை நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டால் ஆல்டிஹைடுகளில் பெரும்பகுதி ஆவியோடு போய்விடும். ஆனால் அளவு மீறிக் கொதித்தால் சர்க்கரையும் புரதப் பொருட்களும் வினைபுரிந்து அதே வாடை புதிதாக உண்டாகும். பால் கோவா கிளறும் பெண்களுக்குத் தெரிந்த பக்குவம்தான் அது; கொஞ்சம் தாண்டினால் அடிப்பிடித்த மணம் வந்துவிடும்.

அரபு நாடுகளில் இதை ஷராபுஷ் ஷயீர், அதாவது பார்லி பானம் என்கிறார்கள். ஈரானில் மாஉஷ் ஷயீர் என்ற பெயர் வழங்குகிறது. ஒன்றைக் கவனத்தில் வைக்க வேண்டும். அரபு நாட்டில் விற்கப்படும் எல்லா மால்ட் பானமும் இந்த வழியில் வந்தது என்று சொல்லிவிட முடியாது. ஐரோப்பியக் கம்பெனிகளின் 0.0 வகைகளும் அங்கே அதே அலமாரியில் நிற்கின்றன.

ஊறலை அடக்கி வைக்கும் வழி

இரண்டாவது வழியில் ஈஸ்ட்டைச் சேர்க்கிறார்கள். ஆனால் அதன் கையைக் கட்டிவிடுகிறார்கள். வாடையை அது நீக்க வேண்டும், மணத்தை உண்டாக்க வேண்டும், ஆல்கஹாலை மட்டும் பெருக்கக் கூடாது. இதற்காகச் செய்யப்படும் வேலைகளைப் படித்தபோது உள்ளபடியே வியப்பாக இருந்தது.

மால்ட்டை ஊறவைக்கும் சூட்டிலேயே வேலை தொடங்குகிறது. 62 முதல் 65 டிகிரியில் ஊறவைத்தால் மால்டோஸ் என்ற சர்க்கரை நிறையக் கிடைக்கும். ஈஸ்ட்டுக்கு அதுதான் முக்கியத் தீனி. சூட்டை 75 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் மால்டோஸை உண்டாக்கும் நொதி சீக்கிரம் செத்துவிடும். மாவுச்சத்து டெக்ஸ்ட்ரின் என்ற பெரிய துண்டுகளாகவே நின்றுவிடும். ஈஸ்ட்டால் அதைத் தின்ன முடியாது. ஆனால் நாக்குக்கு அது கனத்தைத் தரும். ஆல்கஹால் இல்லாததால் போன கனத்தை இப்படி ஈடுகட்டுகிறார்கள். கோதுமை மால்ட், ஓட்ஸ் சேர்ப்பதும் அதற்காகத்தான். சாற்றையும் நீர்த்ததாக எடுப்பார்கள். வழக்கமான பீர் சாற்றில் 100 கிராமுக்கு 11, 12 கிராம் சத்து கரைந்திருக்கும் என்றால், இதில் 7 கிராம் போல வைத்துக்கொள்வார்கள்.

அடுத்தது குளிர். சாற்றைப் பூஜ்யம் டிகிரிக்குப் பக்கத்தில் வைத்து ஈஸ்ட்டைச் சேர்த்தால், அந்தக் குளிரில் அது சர்க்கரையைத் தின்பது ஏறத்தாழ நின்றுவிடும். ஆனால் ஆல்டிஹைடுகளை மாற்றும் வேலையை மட்டும் மெல்லச் செய்துகொண்டிருக்கும். ஒன்றிரண்டு நாள் அப்படி வைத்திருந்து வடிகட்டிவிடுகிறார்கள். வாடை குறையும், ஆல்கஹால் பெரிதாகச் சேராது. குறை என்னவென்றால் எஸ்டர் மணமும் அவ்வளவாக வராது. வேறு சிலர் சாதாரணச் சூட்டில் ஊறல் போட்டு, ஆல்கஹால் அரை சதவீதத்தைத் தொடுமுன் சட்டென்று குளிரவைத்து நிறுத்துவார்கள்.

இவற்றை விடச் சுவையான சங்கதி ஈஸ்ட்டையே மாற்றுவது. சாக்கரோமைகோடிஸ் லுட்விகி என்றொரு ஈஸ்ட் இருக்கிறது. அதற்கு மால்டோஸைத் தின்னத் தெரியாது. குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ், சுக்ரோஸ் போன்ற எளிய சர்க்கரைகளை மட்டுமே தின்னும். மால்ட் சாற்றில் அவை கொஞ்சம்தான். பாதியளவு இருப்பது மால்டோஸ். ஆகவே இருக்கும் கொஞ்சத்தைத் தின்று, கொஞ்சம் மணத்தை உண்டாக்கிவிட்டுத் தானாகவே நின்றுவிடும். பழ மணம் தூக்கலாகத் தருகிற பிகியா க்ளுய்வெரி என்ற ஈஸ்ட்டையும் இப்போது இதற்காகவே விற்கிறார்கள். மீந்த மால்டோஸால் பானம் இனிக்கும். அந்த இனிப்பைச் சமன் செய்ய, தயிரைப் புளிக்கவைக்கும் கிருமிகளின் இனத்தைச் சேர்ந்த லாக்டிக் பாக்டீரியாக்களைச் சாற்றில் விட்டுச் சற்றுப் புளிக்கவைப்பதும் உண்டு. புளிப்பு ஏறினால் வேண்டாத கிருமிகள் வளராது என்ற லாபமும் இருக்கிறது. ஆல்கஹால் இல்லாத பானத்துக்கு அந்தப் பாதுகாப்பு தேவை. பாஸ்டரைஸ் செய்தே அடைப்பதற்கும் இதுதான் காரணம்.

ஹாப்ஸ் பூவையும் மறக்கக் கூடாது. கொதிக்கும்போது போட்டால் கசப்பு இறங்கும். ஆறிய பிறகு போட்டால் கசப்பு குறைவு, எலுமிச்சையும் மாம்பழமும் கலந்தது போன்ற மணம் மிகுதி. ஆல்கஹால் இல்லாத வகைகளில் இந்த இரண்டாவது முறையை அதிகம் கையாள்கிறார்கள். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஹாப்ஸ் பூவிலும் நொதிகள் உண்டு. அவை ஈஸ்ட்டால் தின்ன முடியாதிருந்த டெக்ஸ்ட்ரினை உடைத்துத் தின்னக்கூடிய சர்க்கரையாக்கிவிடும். பானத்தில் வழக்கமான ஈஸ்ட் உயிரோடு மிச்சமிருந்தால் ஊறல் மீண்டும் தொடங்கி, ஆல்கஹால் கணக்கை மீறி ஏறும். மணத்துக்காகப் போட்ட பூ ஆல்கஹாலைக் கூட்டிவிடுகிறது. நல்ல கம்பெனிகள் இதைச் சோதித்துத்தான் அனுப்புகின்றன என்றாலும், ருசியும் ஆல்கஹாலும் எவ்வளவு நெருங்கிய உறவுக்காரர்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த வழியில் வரும் பானங்களில் பெரும்பாலும் 0.5 சதவீதத்துக்குள் ஆல்கஹால் இருக்கும். 1979இல் ஜெர்மனியில் வெளிவந்த கிளவுஸ்தாலர் இவ்வகையில் பேர்போன ஒன்று.

பீராக்கிவிட்டுப் பிரித்தெடுக்கும் வழி

மூன்றாவது வழியில் முழு பீரையே தயாரிக்கிறார்கள். 5 சதவீத ஆல்கஹாலோடு அது அசல் பீர்தான். பிறகு ஆல்கஹாலை வெளியேற்றுகிறார்கள். பெரிய பீர் கம்பெனிகளின் 0.0 வகைகள் பல இப்படி வருபவையே. 2017இல் வெளிவந்த ஹெய்னெகன் 0.0 இதற்கு எடுத்துக்காட்டு.

ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும். அந்தச் சூட்டில் பீரைக் காய்ச்சினால் ருசி பாழாகிவிடும். அதனால் காற்றை உறிஞ்சியெடுத்த கலத்துக்குள் விடுகிறார்கள்; அங்கே அழுத்தம் குறைவு என்பதால் 40, 45 டிகிரியிலேயே ஆல்கஹால் ஆவியாகிவிடும். இன்னொரு முறையில் சூடே இல்லை. கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகளில் இருப்பது போன்ற சவ்வின் வழியாக அழுத்தித் தள்ளுகிறார்கள். நீரும் ஆல்கஹாலும் சவ்வைத் தாண்டிப் போய்விடும். நிறமும் கசப்பும் புரதமும் இந்தப் பக்கம் தங்கும். போன நீருக்குப் பதில் புது நீரைச் சேர்ப்பார்கள்.

தானிய வாடை என்ற பிரச்சினை இதில் கிடையாது, ஏனென்றால் ஈஸ்ட் முழு வேலையையும் செய்து முடித்துவிட்டது. ஆனால் ஆல்கஹால் போகும்போது வாழைப்பழ மணம் தரும் எஸ்டர்களும் அதோடு சேர்ந்து போய்விடுகின்றன. எஞ்சுவது மணமில்லாத, மெலிந்த, கசப்பு மட்டும் முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் நீர். இதைச் சரிசெய்ய என்ன செய்கிறார்கள் என்பதை நம் குடும்பங்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, ஆவியாகப் போன மணப் பகுதியைத் தனியே பிடித்து மீண்டும் பானத்தில் சேர்க்கிறார்கள். அந்த மணப் பகுதி ஆல்கஹாலோடு சேர்ந்தே வெளிவருவது. எவ்வளவு பிரித்தாலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வரும். இரண்டு, வெளியிலிருந்து வாசனைப் பொருட்களைச் சேர்க்கிறார்கள். மூன்று, ஆல்கஹால் நீக்கிய பானத்தில் நீக்காத அசல் பீரையோ, ஊறிக்கொண்டிருக்கும் பீரையோ சிறிதளவு கலக்கிறார்கள். 5 சதவீத பீர் 6 லிட்டரை, ஆல்கஹால் முழுக்க நீக்கிய பானம் 94 லிட்டரில் கலந்தால் மொத்தத்தில் 0.3 சதவீதம்தான் வரும். பல நாடுகளின் சட்டப்படி அதற்கு ஆல்கஹால் இல்லாத பீர் என்று பெயர் போட்டுவிடலாம். எல்லாக் கம்பெனியும் இதைச் செய்வதாக நான் சொல்லவில்லை. ஆனால் தொழிலில் அறியப்பட்ட, சட்டம் அனுமதிக்கிற ஒரு முறை இது.

எண் யாருடைய கணக்கு?

0.5 என்ற அளவு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. அதற்காக இயற்றப்பட்ட வால்ஸ்டெட் சட்டம் 0.5 சதவீதம் அல்லது அதற்கு மேல் ஆல்கஹால் உள்ளதைப் போதைப் பானம் என்று வகுத்தது. பீர் கம்பெனிகள் அதற்குச் சற்றுக் குறைவாக வைத்து விற்றுப் பிழைத்தன. இன்று ஜெர்மனியில் 0.5 வரை ஆல்கஹால் இல்லாதது என்று எழுதலாம். பிரிட்டனின் வழிகாட்டுதலில் அந்தச் சொல்லுக்கு 0.05 என்ற அளவு வைத்திருக்கிறார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளிலும் 0.5க்கு மேல் போனால்தான் மதுபானம். 0.0 என்பதும் தசமத்துக்குப் பின் ஓர் இலக்கம் வரையிலான கணக்கு, 0.04 இருந்தால் அதுவும் 0.0 என்றுதான் சுருங்கும். இவை அரசாங்கங்கள் தங்கள் வசதிக்கு வகுத்த அளவுகள். தவறென்று சொல்லவில்லை, ஹலால், ஹராமைத் தீர்மானிக்க வகுக்கப்பட்டவை அல்ல என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

ஆல்கஹாலின் நுண்ணளவு இருந்தாலே ஹராம் என்று சொல்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். அதுவும் பேணுதலின் மிகை. நன்கு பழுத்த வாழைப்பழத்திலும், பழச்சாற்றிலும், ஈஸ்ட் போட்டுச் சுடும் பன்னிலும் நுண்ணளவு இருக்கவே செய்கிறது. அவற்றை யாரும் ஹராம் என்றதில்லை.

மார்க்கம் எதைப் பார்த்தது என்று பார்ப்போம். நபி (ஸல்) அவர்களுக்கு உலர்திராட்சையை நீரில் ஊறவைத்துத் தருவார்கள். அன்றும், மறுநாளும், மூன்றாம் நாள் மாலை வரையும் அருந்துவார்கள். அதற்கு மேல் மிஞ்சினால் பிறருக்குக் கொடுத்துவிடுவார்கள் அல்லது கொட்டச் சொல்வார்கள் என்று இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நீரும் திராட்சையும் மாறவில்லை, நாள்தான் மாறியது. அப்துல் கைஸ் கூட்டத்தார் வந்தபோது சுரைக்குடுக்கை, தார் பூசிய பாத்திரம் போன்றவற்றில் ஊறவைக்க வேண்டாம் என்று தடுத்தார்கள். அவற்றில் பானம் சீக்கிரம் போதையேறிவிடும், வெளியே தெரியாது. பிறகு போதைப் பொருளாகாத வரை எந்தப் பாத்திரமும் ஆகும் என்று அனுமதித்தார்கள். யமன் தேசத்தின் பார்லிப் பானமான மிஸ்ரு பற்றி அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) கேட்டபோது, போதை தருவது அனைத்தும் ஹராம் என்று பதில் வந்தது. எதன் அதிக அளவு போதை தருமோ அதன் சிறிய அளவும் ஹராம் என்ற ஹதீஸ் அபூதாவூத், திர்மிதீ நூல்களில் பதிவாகியுள்ளது. பார்லியில் செய்த ஃபுக்காஃ என்ற பானம் பற்றி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் கேட்டதற்கு, போதை தராவிட்டால் குற்றமில்லை என்றார்கள் என்று இமாம் புகாரி (ரஹ்) குறிப்பிடுகிறார்கள். ஆக பார்லி என்பதற்காகவோ, நுரைக்கிறது என்பதற்காகவோ ஒன்று ஹராமாகவில்லை.

நம் பனங்காட்டுப் பக்கத்தில் இதே பாடம் கண்ணெதிரே இருக்கிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிப் பாளையில் கட்டினால் இறங்குவது பதநீர். தடவாமல் கட்டினால் கள். சுண்ணாம்பு இருந்தால் ஈஸ்ட் வளராது, அவ்வளவுதான். கள்ளாகிப்போனதில் அப்புறம் சுண்ணாம்பைக் கொட்டினால் அது பதநீராகிவிடுமா?

மூன்றாவது வழியின் கேள்வியும் இதுதான். கம்ராக ஆகிவிட்ட ஒன்று, ஆல்கஹாலைப் பிரித்துவிட்டால் ஹலாலாகிவிடுமா? கம்ர் தானாகவே காடியாக மாறினால் அது சுத்தமாகிவிடும் என்பதில் இமாம்களுக்குள் கருத்து வேறுபாடில்லை. எதையாவது சேர்த்து நாமே காடியாக்கினால் ஹனஃபி மத்ஹபில் ஆகும். ஷாஃபிஈ மத்ஹபில் ஆகாது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகள் அதிகம் என்பதால் இதைச் சொல்கிறேன். ஆனால் பீரிலிருந்து ஆல்கஹாலைப் பிரிப்பது காடியாவதைப் போன்றதல்ல. காடியில் பொருளே வேறாக மாறிவிடுகிறது. இங்கே ஒரு பகுதியை எடுத்துவிட்டு எஞ்சிய பகுதியை வைத்துக்கொள்கிறோம். போதை தரும் திரவம் எதுவும் நஜீஸ் என்று கொள்ளும் ஷாஃபிஈ மத்ஹபின் விதியை வைத்துப் பார்த்தால், அந்த எஞ்சிய பகுதி சுத்தமாவதற்கு வழியில்லை. ஹனஃபி மத்ஹபிலும் இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் சொல்லின்படியே, போதை தரும் எல்லாப் பானமும் சிறிதாயினும் பெரிதாயினும் ஹராம் என்று ஃபத்வா வழங்கப்படுகிறது.

மாற்றுக் கருத்தும் உண்டு, அதை மறைப்பது நேர்மையல்ல. சவூதி அறிஞர் இப்னு உஸைமீன் (ரஹ்) அவர்கள், தங்கள் நாட்டுச் சந்தையில் விற்கப்படும் பீர் என்ற பெயருள்ள பானங்கள் எவ்வளவு குடித்தாலும் போதை தராதவை, ஆகவே ஆகுமானவை என்றார்கள். மேலே சொன்ன ஹதீஸின் பொருள், குடிக்கும் அந்தப் பானத்தையே நிறையக் குடித்தால் போதை வருமா என்பதுதான் என்று விளக்கினார்கள். கணக்காகப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. 330 மில்லி டின்னில் 0.5 சதவீதம் என்றால் 1.65 மில்லி ஆல்கஹால். ஒரு சாதாரண பீர் டின்னின் அளவை எட்ட அப்படிப் பத்து டின் குடிக்க வேண்டும்.

மலேசியாவின் தேசிய ஃபத்வா குழு 2011இல் எடுத்த முடிவு இரண்டையும் பிரித்துப் பார்க்கிறது. மது தயாரிக்கும் நோக்கமின்றிச் செய்யப்பட்ட பானத்தில் 1 சதவீதத்துக்குக் குறைவாக ஆல்கஹால் இருந்தால் ஆகும். மது செய்யும் அதே நோக்கத்திலும் முறையிலும் செய்யப்பட்டதாக இருந்தால், அளவு கூடினாலும் குறைந்தாலும், ஆல்கஹால் காய்ச்சி நீக்கப்பட்டாலும் ஆகாது. இந்தோனேசிய உலமா கவுன்சில் இன்னும் ஒரு படி போய், ஹராமான பொருளின் பெயரையும் ருசியையும் மணத்தையும் கொண்டுவரும் தயாரிப்புகளுக்கு ஹலால் சான்று கிடையாது என்று 2003இலேயே சொல்லிவிட்டது.

தயாரிப்பு முறையைப் படித்தபின் எனக்கு மலேசிய முடிவே சரியாகப் படுகிறது. முதல் வழியில் வந்த மால்ட் பானம், சேர்மானங்கள் சுத்தமாக இருந்தால், பழச்சாறு போலத்தான். மூன்றாவது வழியில் வந்தது வேண்டாம். அசல் பீரைக் கலந்திருந்தால் பேச்சுக்கே இடமில்லை, ஏனென்றால் அதிகமாகக் குடித்தால் போதை தரும் பொருளின் சிறிய அளவை வேண்டுமென்றே சேர்த்தது அது. நடுவில் நிற்கும் இரண்டாவது வழியில் அறிஞர்களின் கருத்து வேறுபாட்டுக்கு இடம் இருக்கிறது. ஆனாலும் அது பீர் செய்யும் முறைதான், பாதியில் நிறுத்தப்பட்டது. நான் விலகிக்கொள்ளவே சொல்வேன்; குடித்தவரைப் பாவி என்று சொல்ல மாட்டேன்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. குடிப்பழக்கத்திலிருந்து தவ்பா செய்து மீண்டவர்கள் நம் ஜமாஅத்துகளில் இருக்கிறார்கள். பீரின் ருசியையும் மணத்தையும் அப்படியே கொண்டுவர இத்தனை பாடுபட்டுச் செய்த ஒரு பானத்தை விருந்தில் அவர்கள் முன் வைப்பது, ஆறிய புண்ணைக் கிளறுவது போலாகும். பழைய நினைப்பு ஒரு மணத்திலேயே திரும்பும் என்று மருத்துவர்களும் எச்சரிக்கிறார்கள்.

டின்னை எப்படிப் படிப்பது? முகப்பை விட்டுவிட்டுப் பின்புறத்தைப் பாருங்கள். டீஆல்கஹாலைஸ்டு, ஆல்கஹால் ரிமூவ்டு என்ற சொற்கள் இருந்தால் அது மூன்றாவது வழி. சேர்மானத்தில் பீர் என்றே எழுதியிருந்தாலும் அதுதான். ஈஸ்ட் என்றோ ஃபெர்மென்டட் என்றோ இருந்தால் ஊறல் நடந்திருக்கிறது. நீர், சர்க்கரை, மால்ட் எக்ஸ்ட்ராக்ட், சிட்ரிக் ஆசிட், கார்பன் டை ஆக்ஸைடு, பழ வாசனை என்று மட்டும் இருந்து நான் ஃபெர்மென்டட் என்றும் எழுதியிருந்தால் முதல் வழி. ப்ரூவ்டு என்ற சொல்லை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. ஊறல் போடாதவர்களும் அதை எழுதுகிறார்கள். ஹலால் முத்திரை இருந்தால் எந்த அமைப்பு தந்தது என்று பாருங்கள். ஃப்ளேவர் என்று மட்டும் எழுதியிருக்கும் வாசனைப் பொருள் எதில் கரைக்கப்பட்டது என்பதைக் கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம்.

ஒரு வாரம் கழித்துப் பெரியவர் மீண்டும் வந்தார். இருவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்துகளைப் படித்தோம். தம்மாமிலிருந்து வந்த பீச் மால்ட்டில் ஊறல் போடப்படவில்லை என்று அரபியில் தெளிவாக இருந்தது. சென்னையில் வாங்கியதில் ஆல்கஹால் நீக்கப்பட்ட பீர் என்பதே முதல் சேர்மானம். அதைப் பைக்குள் திரும்பப் போட்டுக்கொண்டார். மகனுக்குப் போன் செய்து, அடுத்த முறை வருகிறவர்கள் மூலம் பீச் மால்ட்டையே அனுப்பச் சொல்லப்போவதாகச் சொன்னார். திறந்த பாட்டிலை மூடி வெயிலில் நாள்கணக்கில் வைத்துக் குடிக்க வேண்டாம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். சர்க்கரையும் மால்ட்டும் நிறைந்த பானம். திறந்துவிட்டால் காற்றிலுள்ள ஈஸ்ட்டே போதும்.